மிளகாய் அறையில் ஒரு தோல் மிஷின்

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் மிஷின் என்றாலே எனக்கு எரிச்சல். அங்கே ஓய்ந்துபோய் ஒதுக்கியதைப் பொன்னாக நினைத்துக் கப்பலேற்றி அனுப்பிவிடுவார்கள். இங்கே ஓடவில்லை என்றால் என் சட்டையைப் பிடிப்பார்கள். ராமநாதபுரம் கேணிக்கரையில் தையல் மிஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். டெய்லர் கடை மிஷின், ஓவர்லாக் மிஷின், கல்யாணத்துக்குச் சீராக வந்து மூலையில் துணி மூடிக் கிடக்கும் மிஷின், இவைதான் எனக்குச் சோறு போடுகின்றன. அதனால் சிக்கல் கிராமத்திலிருந்து மாரிச்செல்வம் என்பவர் போன் செய்து, "தம்பி ராம்குமார்தான? கத்தார்ல இருந்து தோல் தைக்கிற மிஷினு ஒண்ணு வந்துருக்கு, இங்கன வந்து மாட்டிக் குடுக்கணும்" என்றபோது, எனக்கு நேரமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சிலிண்டர் ஆர்ம்" என்று அவர் அடுத்த வார்த்தை சொன்னதும் வாய் தானாக மூடிக்கொண்டது. அந்த வகை மிஷினைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பல வருஷ ஆசை.

சாதாரண மிஷினில் ஊசிக்குக் கீழே தட்டையான பலகை இருக்கும். இதில் பலகை கிடையாது. முழங்கை நீட்டியது போல ஓர் உருண்டைக் குழாய் மட்டும் வெளியே நீண்டிருக்கும். பை, பூட்ஸ், மாட்டுக் கழுத்துப்பட்டை என்று வளைந்த சாமான் எதுவானாலும் அந்தக் குழாய்மேல் சொருகிச் சுற்றிச் சுற்றித் தைக்கலாம். தடித்த தோலை இரண்டு மூன்று அடுக்கு வைத்தாலும் முனகாமல் குத்திக்கொண்டு போகும்.

மாரிச்செல்வம் அந்த மிஷினோடு வாழ்ந்தவர். சிக்கலில் மிளகாயும் நெல்லும் போடுகிற குடும்பம். கல்யாணமான மறு வருஷம் மழை ஏமாற்றியது, மிளகாய் கருகியது, அப்பா படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இவர் கத்தாருக்கு விமானம் ஏறினார். முதலில் ஒட்டகப் பண்ணையில் தீவனம் அள்ளினார். பிறகு பந்தய ஒட்டகங்களுக்கு வாரும் சேணமும் தைக்கிற பட்டறையில் கூட்டிப் பெருக்கப் போய், அங்கேயே தையல் கற்று, கடைசியில் அந்தப் பட்டறைக்கே தலைமைத் தையல்காரர் ஆனார். மனைவி கோகிலாவோடு லீவு லீவாகத்தான் குடும்பம் நடத்தினார். குழந்தை இரண்டு முறை உண்டாகித் தங்கவில்லை. இரண்டு முறையும் அவர் அங்கே இருந்தார், இவள் இங்கே ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

மாரிச்செல்வத்தின் அம்மா வெள்ளையம்மாளுக்கு இதற்கெல்லாம் ஒரே காரணம்தான். மருமகள் ராசியில்லாதவள். அவள் கால் வைத்ததும் மழை போச்சு, தன் புருஷன் போய்ச் சேர்ந்தார், மகன் கடல் தாண்டினான். இதை வெள்ளையம்மாள் சண்டையில் சொல்வதில்லை, கொத்தமல்லி விலை சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொல்வார். கேட்டுக் கேட்டு ஊருக்கும் அது பழகிவிட்டது. ஒரு வீட்டில் சடங்கு என்றால் கோகிலாவைக் கூப்பிடுவார்கள், ஆனால் தட்டைத் தொடச் சொல்ல மாட்டார்கள். அந்த ஊர்க்காரர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் வாயில் நல்ல வார்த்தை வருவதில்லை.

போன ஆடியில் பட்டறை முதலாளி புது மிஷின்கள் வாங்கினார். பழையதில் ஒன்றை மாரிச்செல்வத்துக்குக் கொடுத்தார். ஆறு மாத லீவும் கொடுத்தார். ஆறு மாதத்துக்குள் திரும்பினால் வேலை இருக்கும், தாண்டினால் விசா போய்விடும். மாரிச்செல்வத்தின் கணக்கு வேறு. எங்கள் பக்கம் பொங்கலிலிருந்து ஆனி வரைக்கும் ஊருக்கு ஊர் மாட்டுவண்டிப் பந்தயம், குதிரைவண்டிப் பந்தயம். பந்தய மாடு வைத்திருப்பவர்கள் பெண்டாட்டிக்கு வாங்காததை மாட்டுக்கு வாங்குவார்கள். சலங்கைப் பட்டை, கடிவாள வார் எல்லாம் இப்போது வெளியூரிலிருந்து வருகின்றன. அதை இங்கேயே தைத்துக் கொடுத்தால் இனிமேல் கத்தார் வேண்டாம். மிஷின் ஓடினால் அவர் கோகிலாவோடு இருப்பார், ஓடாவிட்டால் தையில் விமானம். விஷயம் அவ்வளவுதான்.

கீழக்கரை கார்கோ ஆபீஸிலிருந்து மரப்பெட்டி வந்து இறங்கிய மறுநாள் போனேன். தோல் நாற்றம் வீட்டுக்குள் வரக்கூடாது என்று வெள்ளையம்மாள் சொல்லிவிட்டதால், கொல்லையில் மிளகாய் மூட்டை அடுக்கும் அறையை ஒழித்திருந்தார்கள். மூட்டைதான் போயிருந்தது, நெடி போகவில்லை. நானும் மாரிச்செல்வமும் மாற்றி மாற்றித் தும்மிக்கொண்டே வேலை பார்த்தோம்.

மிஷினின் இரும்புக் கால் கனம் என்று அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார். சாயல்குடி வெல்டிங் கடையில் ஆங்கிள் இரும்பில் புதுக் கால் செய்து, சிமெண்டுத் தரையில் துளை போட்டு, நான்கு போல்டு இறுக்கினோம். மதுரையில் வாங்கிய மோட்டாரை மாட்டி சுவிட்சைப் போட்டால் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது. கோகிலா வாசலில் நின்று, "ஏங்க, அது கத்தாருக்கே திரும்பிப் போகுதோ?" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். மோட்டாரில் சுற்றும் திசையை மாற்ற ஒரு பொத்தான் இருந்தது, அதைத் தேடிப் பிடிக்க அரை நாள்.

பெரிய வேலை டைமிங்தான். ஊசி அடிவரைக்கும் இறங்கி, கொஞ்சமே கொஞ்சம் மேலே ஏறும்போது, குழாய்க்குள்ளே சுற்றும் கொக்கியின் மூக்கு சரியாக ஊசிக் காதுக்கு மேலே வந்து நூலைக் கவ்வ வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் தையல் விட்டுப் போகும். கப்பல் குலுக்கலில் கொக்கி நகர்ந்திருந்தது. மாரிச்செல்வம் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்ற, நான் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்து, திருகைத் தளர்த்தி, தட்டி, மறுபடி முறுக்கி, சாயங்காலம் வரைக்கும் அதே வேலை. கடைசியில் ஒரு துண்டுத் தோலைக் கொடுத்து மிதித்தார். தையல் நெல் அடுக்கியது மாதிரி விழுந்தது. அதை வாங்கிக் கோகிலா இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

கிளம்பும்போது எண்ணெய்த் துளைகளை அடைத்திருந்த பழைய அழுக்கை எடுத்துவிட்டு எண்ணெய் விட்டேன். அந்தத் துளைகளைச் சுற்றிக் கம்பெனிக்காரன் சிவப்புப் பெயிண்டால் சின்ன வட்டம் போட்டிருப்பான், எங்கே எண்ணெய் விட வேண்டும் என்று அடையாளம். தலையில் சில, குழாய்மேல் சில, குழாயின் பின்பக்கம் சுவரைப் பார்த்தபடி ஒன்று. மாரிச்செல்வத்துக்கு இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை பூஜை. நான் போகவில்லை, பின்னால் மாரிச்செல்வம் சொன்னது இது. வெள்ளையம்மாள் தெக்குத்தெருவில் மூன்று பிள்ளை பெற்றவள் ஒருத்தியைப் பொட்டு வைக்கக் கூப்பிட்டிருந்தார். மாரிச்செல்வம் அந்தப் பெண்ணைக் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"ஏலே மாரி, நல்ல காரியம்டா. இவ கையால வேணாம்டா" என்று வெள்ளையம்மாள் சொல்ல, "ஆத்தா, எம் பொண்டாட்டி கைதான் படணும். அவ வச்சாத்தான் ஓட்டுவேன், இல்லாட்டி இப்பவே கழட்டிருவேன்" என்று ஊர்க்காரர்கள் முன்னால் சொல்லியிருக்கிறார். கோகிலாவுக்கு அப்படி ஒரு மரியாதை அந்த வீட்டில் அதுவரை கிடைத்ததில்லை. சந்தனத்தைக் குழைத்து, மிஷினுக்குப் பொட்டு வைத்தாள். எங்கே வைப்பது என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. சின்னச் சின்னதாகச் சிவப்பு வட்டம் போட்டு மிஷினே இடம் காட்டியது. ஒவ்வொரு வட்டத்திலும் கெட்டியாகச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். வேறு எந்த நாட்டுக்கு இந்த மிஷின் போயிருந்தாலும் இது நடந்திருக்காது.

மறுநாள் மாரிச்செல்வம் சந்தனத்தைத் துடைத்து, அடைத்த துளைகளைக் குண்டூசியால் குத்திவிட்டார். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. குண்டூசி நுழைக்க இடமில்லாத சுவர்ப்பக்கத் துளையைத் துணியால் மட்டும் துடைத்தார். மேலே சுத்தமாகிவிட்டது, உள்ளே சந்தனம் அடைப்பாக இறுகிவிட்டது. தினமும் அதிலும் எண்ணெய் விட்டார். எண்ணெய் உள்ளே போகாமல் வழிந்து கீழே சொட்டியது. உள்ளே நிறைந்து வழிகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அந்த மூன்று மாதமும் அந்த அறையைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். கடலாடிக் காளிதாஸ் என்று ஒருவர், பந்தய மாட்டுக்காரர், முதல் சலங்கைப் பட்டைக்குச் சொன்னார். தோலை உருட்டி உள்ளே கம்பளி திணித்து, குழாயில் சொருகி மாரிச்செல்வம் தைக்க, கோகிலா பக்கத்தில் உட்கார்ந்து நூல் வெட்டி, சலங்கை கோத்து முடிவாள். மாட்டின் கழுத்தில் மாட்டிப் பார்த்துவிட்டு காளிதாஸ் வாயெல்லாம் பல்லாகப் போனார். அவரைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். நான் ஒருநாள் நூல் கொடுக்கப் போனபோது புருஷனும் பெண்டாட்டியும் அந்த மிளகாய் அறையிலேயே ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கோகிலா வெட்கப்பட்டு எழுந்தாள். அவள் சிரித்து நான் அதிகம் பார்த்தது அந்த நாட்களில்தான்.

மார்கழிக் கடைசியில் போன் வந்தது. "தம்பி, மிஷின் பிடிச்சுக்கிருச்சு. கையால சுத்துனாலும் அசைய மாட்டேங்குது." பொங்கல் பந்தயத்துக்கு ஆர்டர் குவிந்திருந்தது, ராத்திரி பகலாக ஓட்டியிருக்கிறார்.

போய்க் குழாயைக் கழற்றினேன். கொக்கியைச் சுற்ற வைக்கும் தண்டு, எண்ணெயே காணாமல் சூடேறி, அதைத் தாங்கும் பித்தளை வளையமான புஷ்ஷோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தண்டு முழுக்கக் கீறல். எண்ணெய் ஏன் போகவில்லை என்று பின்பக்கத் துளையில் கம்பியை விட்டேன். ஒரு மஞ்சள் உருண்டை வந்து உள்ளங்கையில் விழுந்தது. அத்தனை மிளகாய் நெடியிலும் சந்தனம் மணந்தது.

நான் ஒரு ஓட்டைவாய். "யாருண்ணே இதுக்குள்ள" என்று ஆரம்பித்துவிட்டேன். மாரிச்செல்வம் சட்டென்று என் உள்ளங்கையிலிருந்ததை எடுத்துத் தன் கைக்குள் மூடிக்கொண்டார். வாசலில் கோகிலா டீயோடு நின்றாள், அவளுக்குப் பின்னால் வெள்ளையம்மாள்.

"என்னாச்சு தம்பி?" என்றாள் கோகிலா.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்று வெள்ளையம்மாள் தொடங்கினார். "இவ கையால பொட்டு வச்சா வெளங்கவா போகுது?"

"ஆத்தா, சும்மா இரு" என்று மாரிச்செல்வம் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. "உப்புக்காத்துதான் ஆத்தா. கடல்காத்து இரும்பத் தின்னுருச்சு. இந்த மிஷினுக்கு இந்த ஊர்க் காத்து ஆகாது. மெக்கானிக்கே சொல்லிட்டாரு. கேளு." என்னைப் பார்த்தார்.

சிக்கலுக்கும் கடலுக்கும் நடுவே எத்தனை ஊர் கிடக்கிறது! ஆனாலும் நான், "ஆமா ஆத்தா, காத்துதான்" என்றேன். கோகிலாவின் முகத்தில் ஒரு கணம் நிம்மதி வந்தது. தன்னால் இல்லை என்ற நிம்மதி. பிறகுதான் மற்றது உறைத்தது போல, டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

கிளம்பும்போது தெருமுனை வரைக்கும் மாரிச்செல்வம் வந்தார். "அண்ணே, உள்ளதச் சொல்லிருங்க" என்றேன். "புதுத் தண்டு கடஞ்சு போட்டா ஓடிரும். எண்ணெய்த் துளைதான் காரணம்னு தெரிஞ்சா மதினி இனி வைக்க மாட்டாங்க, அம்புட்டுத்தான."

"மிஷின் ஓடிரும் தம்பி. அவ எப்பிடி இந்த ஊர்ல நடப்பா?" என்றார். "ஊரக் கூட்டி வச்சு, எம் பொண்டாட்டி கைதான் படணும்னு சொன்னேன். அந்தக் கையாலதான் போச்சுன்னா எங்காத்தா அவள உசுரோட விடுமா? சாகுற வரைக்கும் இது நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்."

சரி, சொல்லாமலே சரிசெய்வோம் என்று முடிவாயிற்று. பழைய தண்டை எடுத்துக்கொண்டு மதுரை போனார். லேத் பட்டறையில் பொங்கல் லீவு, ஆள் இல்லை. நாள் ஓடியது. விசா முடியும் தேதி நெருங்கியது. கோகிலாவிடம், "விசா போனாப் போகுது, நான் மிஷினை ஓட்டிட்டுத்தான் மறுவேலை" என்று சொல்லியிருக்கிறார். அவள் கேட்டாளாம், "திருப்பி மாட்டுனாலும் இதே காத்துதான?" "பாத்துக்கலாம்" என்றிருக்கிறார்.

சில நாள் அவள் காற்றோடு சண்டை போட்டுப் பார்த்தாள். மிளகாய் அறை ஜன்னலைச் சாக்கு வைத்து அடைத்தாள். கதவிடுக்கில் துணி சொருகினாள். மிஷினைச் சுற்றி உரச்சாக்கின் பிளாஸ்டிக்கைக் கட்டினாள். புது புஷ்ஷுக்கு நான் அளவு எடுக்கப் போனபோது இதையெல்லாம் பார்த்தேன். சிரிக்க வேண்டிய காட்சி, சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பக்கத்தில் மாரிச்செல்வம் நின்றார்.

தண்டு கடைந்து தயாரான அன்று நானும் அவரோடு மதுரைக்குப் போயிருந்தேன். அருமையான வேலை. புஷ்ஷும் சேர்த்துச் செய்து கொடுத்திருந்தார்கள். பஸ்ஸில் வரும்போது அதை மடியில் வைத்துக்கொண்டு மாரிச்செல்வம் ஆர்டர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அன்றே மாட்டி அன்றே ஓட்டிவிட வேண்டும் என்று நேரே சிக்கலுக்குப் போனோம்.

மிளகாய் அறைக் கதவு திறந்து கிடந்தது. ஜன்னல் சாக்கை எடுத்துவிட்டிருந்தாள். உள்ளே மிஷின் இல்லை. தரையில் நான்கு போல்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

கோகிலா முற்றத்தில் நின்றாள். அழுது முடித்த முகம். "பழைய இரும்புக்காரன் வந்தான், குடுத்துட்டேன்" என்றாள்.

"எங்க போயிருக்கான்? எந்தப் பக்கம்?" மாரிச்செல்வம் பாதி ஓட ஆரம்பித்துவிட்டார்.

"இங்கனயே சம்மட்டியால ஒடச்சுத்தான் ஏத்துனான். முழுசாத் தூக்க முடியலயாம்." அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் என்னங்க பண்ணுவேன்? இந்தக் காத்துல அது ஓடாதுன்னு நீங்கதான சொன்னீங்க. அத வச்சுக்கிட்டு விசாவையும் விட்டுட்டு உக்காந்துருக்கீங்க. ரெண்டும் போயிட்டா அப்பறம் எம் மூஞ்சியத்தான் ஊரு பாக்கும். இன்னும் நாளு இருக்கு. ஒங்க அரபிக்குப் போன் போடுங்க. போயிட்டு வாங்க."

வெள்ளையம்மாள் முறத்தில் புடைத்துக்கொண்டே சொன்னார்: "இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து இவ பண்ணுன ஒரே உருப்படியான காரியம் இதான்." மாமியார் வாயால் கோகிலா கேட்ட முதல் நல்ல வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

மாரிச்செல்வம் பேப்பரில் சுற்றிய தண்டோடு மிளகாய் அறைக்குள் போனார். இப்போதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். எப்படிச் சொல்வார்? முன்னாலாவது ஒரு பொட்டுதான் அவள் செய்த தப்பு. இப்போது சொன்னால், ஓட இருந்த மிஷினை உடைக்கக் கொடுத்ததும் அவள்தான் என்று ஆகும். வெளியே வந்தார். "சரி, நல்லதுதான் பண்ண" என்று அவளிடம் சொல்லிவிட்டு, கை கால் கழுவத் தொட்டிக்குப் போனார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அடுத்த நிமிஷம் அது அவர் மேல் இல்லை என்றும் தெரிந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

தை பாதியில் கிளம்பினார். திருச்சியில் விமானம். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் வழியனுப்ப நானும் போனேன். பஸ் புறப்படும்போது ஜன்னல் வழியாகக் கோகிலாவின் தலையை ஒருமுறை தொட்டார். அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. அப்போது அவளுக்கு நாற்பது தாண்டியிருக்கும்.

பஸ் திரும்பி மறைந்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள். சிக்கல் பஸ்ஸுக்கு நேரமிருந்தது. டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, நீங்க மிஷின் தெரிஞ்ச ஆளு. ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லணும். இந்தக் காத்துல அது ஓடியிருக்காதுல்ல?"

அவள் கண்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

"ஓடியிருக்காது மதினி" என்றேன்.

"அதான்" என்றாள். "இல்லாட்டி நானே அவரத் தொரத்திவிட்ட மாதிரில்ல ஆயிருக்கும்."

சிக்கல் பஸ் வந்தது. கூட்டமில்லை. ஜன்னலோரமாக இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.